வாழ முடியுமா என்று பார்க்கப் போன ஒரு மாதம்

1

வீட்டு உரிமையாளர் கடிதத்தைத் தபாலில் அனுப்பவில்லை, தானே கொண்டுவந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். மழைக்கோட்டோடு வாசலில் நின்று வானிலையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு, உறையை என் கையில் வைத்தார். வீட்டை விற்கப் போகிறார்களாம். அடுத்த வருடத் தொடக்கத்துக்குள் நாங்கள் காலி செய்ய வேண்டும். மன்னிக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். நானும் பதிலுக்கு இரண்டு முறை மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று தெரியாது. இந்த நாட்டில் யாருடைய காலை யார் மிதித்தாலும் இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது வழக்கம். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அந்த வீட்டில் ஒன்பது வருடம் இருந்தோம். நான் முதியோர் வார்டில் நர்ஸ். என் கணவர் சரவணனுக்குச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் வேலை. மகள் யாழினிக்குப் பதினான்கு வயது முடியப்போகிறது. இங்கே வாடகை வீடு தேடுவது எவ்வளவு கடினம் என்று சொந்த ஊரான போடியில் சொன்னால் சிரிக்கிறார்கள். வெளிநாட்டில் வீடு கிடைக்காதா என்பார்கள். ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் தெருமுனைவரை வரிசை நிற்கும்.

சரவணன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். டீ போட்டார். குடிக்காமல் வைத்துவிட்டு, "போடிக்கே போயிருவமா?" என்றார்.

இதை அவர் வருடத்துக்கு நாலு முறை சொல்வார், பாதி விளையாட்டாக. இந்த முறை சிரிக்கவில்லை. யாழினி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். "நாள்க் கணக்கில்ல, ஒரேயடியாப் போயிர்றதுதான்," என்றார். அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

ஒரு வாரம் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் நான்தான் நடுவில் விழுந்து ஒரு ஏற்பாடு செய்தேன். பள்ளி விடுமுறையில் ஒரு மாதம் போவோம். கல்யாணம், காதுகுத்து என்று அலைய வேண்டாம். பள்ளிக்கூடம், வேலை, வீடு எல்லாவற்றையும் பார்ப்போம். மூன்று பேரும் அங்கே வாழ முடியுமா என்று பார்த்துவிட்டு வந்து முடிவு செய்வோம்.

சரவணன் ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார்: பட்டறை போட இடம், கரண்டு எப்படி, பழைய கூட்டாளிகள். யாழினி இன்னொரு தாளில் எழுதினாள்: தனி அறை, இணையம், யாரும் கன்னத்தைக் கிள்ளக் கூடாது. எனக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். புறப்படும் நாள்வரை அதில் நான் எதுவும் எழுதவில்லை.

2

எனக்கும் சரவணனுக்கும் இந்தியா போக நிரந்தர அட்டை இருக்கிறது. யாழினிக்கு எடுக்க விட்டுப்போயிற்று, அதனால் விசா வேண்டும். தேனி மருத்துவமனையில் பிறந்தவள் தேனிக்குப் போக விசா. கணினியில் விண்ணப்பத்தை நிரப்பும்போது பிறந்த ஊர் என்ற கட்டத்தில் தேனி என்று தட்டினேன். முந்தைய குடியுரிமை இந்தியா. அதை ஏன் விட்டீர்கள் என்று இன்னொரு கட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாழினி, "நான் எப்போ விட்டேன்?" என்று கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. அவளுக்காக நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் பட்டியல் விரிந்தது. சுற்றுலா, உறவினரைப் பார்த்தல், சிகிச்சை, யோகப் பயிற்சி. வாழ முடியுமா என்று பார்த்தல் என்று ஒன்றும் இல்லை. உறவினரைப் பார்த்தல் என்று கொடுத்தேன். எந்த உறவினர், என்ன உறவு என்று அடுத்த கேள்வி. என் அண்ணன் பெருமாளின் பெயரை எழுதி, தாய்மாமன் என்றேன். அண்ணனோடு நிறுத்திக்கொண்டேன். மதினியின் பெயரை எழுதவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு.

3

போடியில் அண்ணன் ஜீப்பு ஓட்டுகிறார். விடிவதற்குள் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரளப் பக்கத்து மலைமேட்டுக்குப் போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவது அவர் சோலி. எங்கள் அம்மாவும் அப்படி ஜீப்பில் போய்வந்தவள்தான். பள்ளி லீவில் நானும் போயிருக்கிறேன். அங்கேதான் மலையாளம் பழகியது. இங்கே மருத்துவமனையில் கேரளத்து நர்ஸுகள் முதல் நாள் என்னோடு பேசிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அதட்டவும் அவசரப்படுத்தவும் மட்டும்தான் மலையாளம் வரும். கங்காணியிடம் கேட்டுப் பழகிய மொழி.

அயர்லாந்து வேலை கிடைத்தபோது யாழினிக்குப் பதினோரு மாதம். முதலில் நான் மட்டும் வரவேண்டும். குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ளப் பிறகுதான் அனுமதி. ஆறு மாதம் என்றார்கள். தாள்கள் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு பதினான்கு மாதம் ஆயிற்று. சரவணன் அப்போது ஏலக்காய் உலர்த்தும் ட்ரையர்களைப் பழுது பார்த்துக்கொண்டு மலையில் தோட்டம் தோட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். பிள்ளையை அண்ணன் மனைவி பாண்டியம்மா மதினி வாங்கிக்கொண்டார். அவருக்கு அப்போது நாலு வயதில் திவ்யா இருந்தாள்.

அழைத்துப்போக நான் திரும்பி வந்தபோது யாழினி என்னைக் கண்டு மதினியின் சேலைக்குள் ஒளிந்தாள். மதினியைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். மூன்று வாரத்தில் பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை. அண்ணன் ஜீப்பில் எங்களை மதுரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார். உள்ளே போகும் கதவுக்கு முன்னால் மதினி பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். உள்ளே பிள்ளை வீறிட்டுத் திமிற நான் பட்ட பாட்டில், ஒரு பாதுகாப்பு அதிகாரி பிள்ளை என்னுடையதுதானா என்று தாள்களை வாங்கிப் பார்த்தார்.

இதை நான் யாழினியிடம் சொன்னதே இல்லை. அதற்குப் பிறகு இரண்டே முறைதான் ஊருக்குப் போனோம். இரண்டும் கல்யாணம். பத்துப் பத்து நாள். நான்தான் நாட்களைக் குறைத்தேன்.

4

ஆடிக் காற்றில் போய் இறங்கினோம். போடியில் ஆடி என்றால் தகரக்கூரைகள் பகலெல்லாம் பேசிக்கொண்டே இருக்கும். மேலே மலையில் சாரல், கீழே புழுதி. சென்னையிலிருந்து ரயில் இப்போது போடிவரைக்கும் வருகிறது. ஸ்டேஷனுக்கு அண்ணன் வந்திருந்தார். மதினி வரவில்லை. வீட்டுக்குப் போனபோது அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து யாழினியை ஏற இறங்கப் பார்த்தார். கிள்ளவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. "வளந்துட்டா," என்றார். அவ்வளவுதான்.

முதல் வாரமே பள்ளிக்கூடம் பார்க்கப் போனோம். தலைமையாசிரியை நல்ல மனுஷி. பெயர் என்ன என்று கேட்டார். "யாலினி," என்றாள் என் மகள். அயர்லாந்தில் யாருக்கும் ழ வராததால் அவளுக்கும் வராமல் போயிற்று. சொந்தப் பெயரை அவள் தப்பாகச் சொல்வதை அன்றுதான் நான் காதால் கேட்டேன். பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயம் என்று சொல்லி, சின்ன வகுப்புப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். யாழினி எழுத்துக்கூட்டி ஒரு வரியைக் கடந்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. ஆதார் எண் கேட்டார், இல்லை. இந்திய செல்போன் எண் கேட்டார், அதுவும் இல்லை. எண் வாங்க ஆதார் வேண்டும், ஆதாருக்கு இங்கே தங்கியிருக்க வேண்டும். தங்கலாமா என்று பார்க்கத்தானே வந்திருக்கிறோம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. சொல்லிமுடித்த பிறகு எனக்கும் புரியவில்லை.

வெளியே வந்ததும் யாழினி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கூட வந்திருந்த திவ்யாவிடம் போய் நாக்கை எப்படி மடக்குவது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தேனியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு நான் மட்டும் போனேன். நர்ஸிங் பொறுப்பாளர் என் வயதுப் பெண். வார்டைச் சுற்றிக் காட்டினார். ஒரு கட்டிலுக்கு ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தூக்குவாளியில் கஞ்சி, தரையில் பாய், கால் பிடித்துவிடும் மருமகள். அயர்லாந்தில் என் வார்டில் மூன்று வாரமாக யாரும் எட்டிப்பார்க்காத ஒருவர் நினைவுக்கு வந்தார். இதுதான் வேண்டும் என்று தோன்றியது. அடுத்த கட்டிலில் ஒரு பெண் தனக்கு என்ன ஊசி போடுகிறார்கள் என்று கேட்டாள். சும்மா படு என்று பதில் வந்தது. இது என்னால் ஆகாது என்றும் தோன்றியது. "இங்க எதுக்கு மேடம் திரும்பி வர்றீங்க? எங்க பிள்ளைங்க எல்லாம் அங்கதான போகப் பாக்குறாங்க," என்று அந்தப் பொறுப்பாளர் கேட்டார். பார்க்க வந்தேன் என்றேன். பஸ்சில் கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்தபோது நன்றி சொன்னேன். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

5

சரவணன் முதல் வாரம் சந்தோஷமாக இருந்தார். அவருடைய பழைய கூட்டாளி இப்போது பெரிய பட்டறை வைத்திருக்கிறார். காலையிலேயே அங்கே போய்விடுவார். ஒரு ட்ரையர் மோட்டாரைப் பிரித்து மாட்டிவிட்டுக் கையெல்லாம் கிரீஸோடு வந்து நின்ற அன்று, பத்து வருடம் குறைந்தவர்போல இருந்தார். சுற்றுகிற சத்தத்தை வைத்தே எங்கே தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தாராம்.

பத்தாம் நாளோ என்னவோ, மதியமே திரும்பி வந்துவிட்டார். என்ன என்று கேட்டேன். கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார். பட்டறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலி இல்லை, மெத்தை வைத்தது. ஸ்பானரை எடுத்தால் வேலை செய்கிற ஆட்கள் ஓடிவந்து வாங்கிக்கொள்கிறார்கள். ஒரே தட்டில் சாப்பிட்ட கூட்டாளி இப்போது நீங்க, வாங்க என்று பேசுகிறார். இடம் பார்த்துத் தாருங்கள் என்று கேட்டதற்கு, எதுக்கு இந்தப் புழுதியில, எப்ப திரும்பிப் போறீங்க என்று கேட்டாராம்.

"என்னைய விருந்தாளி ஆக்கிட்டாய்ங்க, ஈஸ்வரி," என்றார். "அங்க லோடு தூக்குறேன், எவனும் என்னைய மதிக்கல. சரி. ஆனா அங்க எனக்குன்னு வேலை இருக்குல்ல?"

பட்டறை, இடம் என்று எழுதிவந்த தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதன் பிறகு இடம் பார்க்கும் பேச்சை எடுக்கவில்லை.

6

யாழினி அதற்குள் மதினியோடு ஏலக்காய் ஸ்டோருக்குப் போக ஆரம்பித்திருந்தாள். உலர்ந்து வந்த காயைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நிறம் பார்த்து, பருமன் பார்த்துப் பிரிக்கும் இடம். வீட்டில் சலிப்பாக இருக்கிறது என்று ஒருநாள் போனவள், மறுநாளும் போனாள். இணையம் சரியில்லை என்ற பேச்சே இல்லை.

ஒரு மதியம் அவளைச் சாப்பிடக் கூப்பிட நான் போனேன். மதினிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெடித்த காயைத் தனியாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த ஒரு பெண் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாண்டியம்மா வளத்த புள்ளையா இது? மடியில போட்டுக்கிட்டே காய் பொறுக்குவாளே, அந்தப் புள்ளயா?"

மதினி தலை குனிந்தபடி இன்னும் வேகமாகப் பிரித்தார். யாழினிக்குத் தமிழ் வாசிக்கத்தான் வராது, பேசினால் புரியும். அவள் என்னைப் பார்த்தாள்.

வரும் வழியில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், இரைச்சலுக்கு நடுவே நின்றுகொண்டு கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள். நான் இங்கே இருந்தேனா? ஆமாம் என்றேன். எவ்வளவு காலம்? பதினான்கு மாதம் என்றேன். நீ எங்கே இருந்தாய்? சொன்னேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை?

சொல்ல நேரம் வரவில்லை என்றேன். பன்னிரண்டு வருடத்தில் நேரம் வரவில்லையாம். பயந்துகொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அது எனக்கே வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் விளங்கியது.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அடுப்படியில் மதினியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பது வெளியே இருந்த என் காதில் விழுந்தது. சின்னதில் நான் எப்படி இருப்பேன், என்ன சாப்பிடுவேன், எப்போது நடந்தேன் என்றெல்லாம். மதினி முதலில் ஒற்றை வார்த்தையில் சொன்னார். பிறகு கதவு திறந்துகொண்டதுபோல வந்தது. முதல் முறை நடந்தது ஸ்டோரில்தானாம். தராசுத் தட்டில் உட்கார வைத்திருந்தார்களாம். தானாக இறங்கி நாலு எட்டு வைத்து ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டாளாம். காய்ச்சல் கண்ட ஒரு வாரம் மதினி வேலைக்கே போகவில்லையாம்.

அந்தக் காய்ச்சலைப் பற்றி அன்றுதான் நான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். அந்த நாட்களில் போன் பண்ணி எப்படி இருக்கிறாள் என்று கேட்பேன். நல்லா இருக்கா, நீ ஒன் சோலியப் பாரு என்பார் மதினி.

7

கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு அண்ணன் எங்களை மேட்டுக்குக் கூட்டிப்போனார். மதினியும் வந்தார். ஜீப்பில் ஏறும் முன் ஒரு கணம் தயங்கி, பிறகு முன் சீட்டில் ஏறிக்கொண்டார். கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏறக் காது அடைத்தது. போடி கீழே போய்க்கொண்டே இருந்தது. மேலே டீக்கடையில் நிறுத்தினோம். மூடுபனி எங்களுக்கு நடுவே புகுந்து போய்க்கொண்டிருந்தது.

யாழினி டீ கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தமிழிலேயே சொன்னாள். "நான் இங்கயே இருக்கேன். அத்தகூட. ஒரு வருஷம்."

போடியே வேண்டாம் என்று மாடிக்கு ஏறிப்போன பெண். சரவணனைப் பார்த்தேன். போடிக்கே போய்விடுவோம் என்று ஆரம்பித்தவர், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன், "இருக்கட்டும் மாப்ளே, நம்ம புள்ளதான," என்றார். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நினைத்தேன். சரி என்று சொன்னால் இரண்டாவது முறையும் விட்டுவிட்டுப் போகிறவள் ஆவேன்.

மதினிதான் பேசினார். கிளாசைப் பலகையில் வைத்துவிட்டு, யாழினியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"வேணாம் ஈஸ்வரி. ஒருக்கா திருப்பிக் குடுத்துட்டேன். இன்னொருக்கா என்னால ஆகாது."

அவரே தொடர்ந்தார். "ஏர்போர்ட்டுல குடுத்துட்டு வந்தேன்ல, அதுக்கப்புறம் ஆறு மாசம் இந்த ஜீப்புல நான் ஏறல. ஒங்கண்ணன் கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்துட்டு விட்டுட்டாரு. ஒங்கிட்ட யாரும் சொல்லிருக்க மாட்டாங்க."

யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. நன்றி என்று கண்டக்டருக்குச் சொன்னேன். மதினிக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அப்போதும் வாய் வரவில்லை. யாழினி போய் அவர் தோளில் சாய்ந்தாள். மதினி அவளை விலக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. "டீ ஆறுது, குடி," என்றார்.

8

திரும்பி வந்துவிட்டோம். பக்கத்து ஊரில் ஒரு வீடு கிடைத்தது, பழையதைவிடச் சின்னது. வீட்டைக் காட்டிய பெண் எவ்வளவு காலம் இருப்பதாக எண்ணம் என்று கேட்டாள். சரவணன் ரொம்ப வருடம் என்றார். யாழினி பள்ளி முடியும்வரை என்றாள், முடிந்ததும் போடிக்குப் போவாளாம். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.

ஊரில் கேட்கிறார்கள், என்ன முடிவு பண்ணினீர்கள் என்று. போகும்போது அவர் வேண்டும் என்றார், இவள் வேண்டாம் என்றாள். வரும்போது இவள் வேண்டும் என்கிறாள், அவர் வேண்டாம் என்கிறார். நான் போகும்போது இருந்த இடத்திலேயே இருக்கிறேன். தேனி வார்டு கனவில் வருகிறது. கனவில் நான் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முடிவு செய்யத் தெரியாதவள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதினிக்குப் போன் பண்ணினேன். அண்ணனுக்குப் பண்ணி அவரிடமிருந்து வாங்கிப் பேசுவதுதான் இத்தனை வருட வழக்கம். இந்த முறை நேரே அவருக்கு. பாஸ்போர்ட் எடுங்கள் மதினி, நான் அழைப்புக் கடிதம் அனுப்புகிறேன், வந்து எங்களோடு இருந்து பாருங்கள் என்றேன். மதுரைக்கு அப்பால் போகாதவர். முடியாது என்பார் என்று நினைத்தேன்.

"எத்தன நாளு இருக்க விடுவாங்க?" என்று கேட்டார்.

மூன்று மாதம் என்றேன்.

"அதுக்கப்புறம் வந்துறணும்?"

ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் காற்றில் தகரம் அடிக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"சரி, எடுக்குறேன்," என்றார் மதினி. "புள்ளைய விட்டுட்டு ஏரோப்ளேன்ல ஏறுறது எப்படி இருக்கும்னு நானும் ஒருக்கா பாத்துர்றேன்."

கோபமாகச் சொன்னாரா, சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று தெரியவில்லை. கேட்பதற்குள் வைத்துவிட்டார்.